வாலாஜாபாத் வரை உருண்ட குழாய்

ஒரகடம் கூட்டு ரோட்டில் லாரியிலிருந்து விழுந்து பச்சையப்பனைக் கொன்ற சிமெண்ட் குழாய், அதோடு நிற்காமல் எட்டு வருஷம் உருண்டு, வாலாஜாபாத்தில் லாரி முதலாளி முனிரத்தினத்தின் வாசலில் போய் நின்றது. தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஆயுத பூஜையன்று மத்தியானம் அது விழுந்தது. அந்தப் பக்கம் அப்போது கம்பெனிகள் ஒன்றிரண்டுதான் எழும்பிக்கொண்டிருந்தன. மற்றபடி ஏரி, சவுக்குத் தோப்பு, ஓயாமல் தூசி கிளப்பும் கல் கிரஷர்கள். அந்த வருஷம் மழைக்குக் குறைவில்லை, வெங்காயம் விலை ஏறியிருந்தது, குழாய் உருண்டது. பச்சையப்பனின் பெண்சாதி பெருந்தேவி கிரஷரில் ஜல்லி அள்ளுகிறவள். அவளுக்கு வாய் நீளம் என்று ஊரில் பேர். அந்த வாய் மட்டும் இல்லையென்றால் இந்தக் கேஸ் முதல் வாய்தாவிலேயே செத்துப் போயிருக்கும் என்று அவளைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

நடந்தது இதுதான். முதல் நாள் சாயங்காலமே முனிரத்தினத்தின் ஆட்கள் லாரியில் குழாய்களை அடுக்கி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, அவர் வீட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். பூஜை முடிந்து மறுநாள் காலையில் கிளம்புவதாக ஏற்பாடு. ஆனால் ஆயுத பூஜை என்றால் தொழில் செய்கிற சாமான் எல்லாம் சாமி முன்னால் இருக்க வேண்டும். ஸ்பானர் போயிற்று, ஜாக்கி போயிற்று, கயிறு மட்டும் எப்படி வெளியே இருக்கும்? கட்டின கயிற்றை அவிழ்த்து, கழுவிக் காயவைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சுருட்டி சாமி படத்தின் கீழே வைத்தார்கள். அப்படி வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. படையல் போட்டு முடித்த நேரத்தில், ஒரகடம் பக்கத்தில் கம்பெனி கட்டுகிற கான்ட்ராக்டர் போன் பண்ணினார். பள்ளம் தோண்டியாயிற்று, மழை வந்தால் மூடிக்கொள்ளும், குழாய் இன்றைக்கே வந்தாக வேண்டும் என்றார். டிரைவர் சுப்பன் வந்து கயிற்றைக் கேட்டான்.

“பூஜைல வச்ச கயித்த எடுத்தா சாமி குத்தம்டா. அரைமணி நேர ஓட்டம். மெதுவா போ” என்றார் முனிரத்தினம்.

“லாரிக்குந்தான மொதலாளி பூஜை போட்டோம்?”

“லாரி ரோட்டுல நிக்குது. கயிறு சாமி முன்னாடி கீது. ரெண்டும் ஒண்ணாடா?”

சுப்பன் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு, குழாய்களுக்கு அண்டக்கொடுத்த கற்களை மட்டும் நம்பிக் கிளம்பினான். கூட்டு ரோட்டில் திரும்பும்போது மேலே இருந்த குழாய் எகிறியது. ஃபவுண்டரியில் பூஜை முடிந்து, கம்பெனியில் கொடுத்த பொரிகடலைப் பொட்டலத்தை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, பச்சையப்பன் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். பெருந்தேவி ஓடிவந்து சேர்ந்தபோது ரோடெல்லாம் பொரி கிடந்தது. சுப்பன் தலையில் அடித்துக்கொண்டு, “கயிறு பூஜைல கீதே, கயிறு பூஜைல கீதே” என்று அழுதுகொண்டிருந்தான். டீக்கடையில் நின்ற அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். பிறகு சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது அத்தனை பேருக்கும் அன்றைக்கு ஊரிலேயே இல்லாத ஞாபகம் வந்துவிட்டது.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து அந்தப் பக்கத்துப் போலீசாருக்கு விசாரிக்க வேறு பெரிய விஷயம் இருந்தது. அதனால் இதை ஒரு பக்கத்தில் முடித்தார்கள். பண்டிகை நாள், குடித்திருந்தான், தானே போய் மோதினான் என்று எழுதிக்கொண்டார்கள். பச்சையப்பன் குடிக்கவே குடிக்காதவன் என்று சொல்ல முடியாது. சம்பளத்தன்று குடிப்பான், குடித்தால் பாடுவான், பாடினால் பெருந்தேவியிடம் உதை வாங்குவான். ஆனால் அன்று குடிக்கவில்லை. செத்தவனை உதைத்தது போல அந்த வரி அவளுக்கு இருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியது அந்த வரி அழிய வேண்டும், அழிகிற இடத்தில் செய்தவன் பேர் வர வேண்டும் என்பதுதான். சமாதானம் பேச வந்தவர்கள், முனிரத்தினம் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போய்விடேன் என்றார்கள். “காசும் வேணும், சொல்லும் வேணும். மொதல்ல சொல்லு வரட்டும்” என்று அவர்கள் குடித்த டம்ளரை அவர்கள் எதிரிலேயே கவிழ்த்தாள்.

ரோட்டோரம் கிடந்த குழாயை எடுக்கக் கிரேன் வந்தது, சங்கிலி அறுந்தது. மறுநாள் பெரிய கிரேன் வந்தது, அதன் முன்சக்கரம்தான் தூக்கிக்கொண்டது. முனிரத்தினமே நேரில் வந்தார். வெள்ளை வேட்டியைத் தூசி படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூடியிருந்தவர்களிடம், “லாரி என்னுது, வாஸ்தவம். சரக்கு கான்ட்ராக்டருது, ஓட்டுனது சுப்பன், செத்தவன் தானா வந்து வுழுந்தவன். எனக்கு இன்னாய்யா சம்பந்தம்?” என்றார். கிரேனுக்கு அசையாத குழாய் அசைந்தது. நின்ற இடத்திலேயே திரும்பி, வாலாஜாபாத் திசையில் ஒரு வயல் தூரம் நிதானமாக உருண்டு நின்றது. சரிவு என்றார்கள். சரிவு ஏரிப் பக்கம், அதாவது எதிர்ப் பக்கம் என்று ஆடு மேய்க்கிறவர்களுக்கெல்லாம் தெரியும்.

பெருந்தேவி காஞ்சிபுரம் கோர்ட்டுக்குப் போனாள். ஜெபகுமார் என்ற தண்டலத்துக்காரர் அவளுக்கு வக்கீல். அதிகம் பேசமாட்டார், வாய்தா தவறமாட்டார். எதிர்த்தரப்பில் எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். கயிறு கட்டித்தான் இருந்தது, வழியில் அறுந்துவிட்டது என்றான் சுப்பன். லைசென்ஸை நினைத்து அவன் சொன்ன பொய்க்குக் குழாய் ஒரு ஃபர்லாங் நகர்ந்தது. வண்டியில் ஏறிய பிறகு சரக்கு தன்னுடையதல்ல என்றார் கான்ட்ராக்டர், அதற்கும் அவ்வளவே. இன்சூரன்ஸ் வக்கீல் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். இடித்தது லாரி அல்ல, குழாய். குழாய்க்கு நாங்கள் இன்சூரன்ஸ் செய்யவில்லை என்றார். அன்றைக்கு அது ஒரு சவுக்குத் தோப்பைத் தாண்டியது. முனிரத்தினத்தின் வக்கீலோ, பண்டிகைக்குக் கடைக்காரர்கள் ரோட்டில் உடைத்த பூசணிக்காயில் சைக்கிள் வழுக்கி, பச்சையப்பன் போய் லாரியில் இடித்ததால்தான் குழாயே விழுந்தது என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் உடைத்த பூசணிக்காயில் ஒரு ஆளை மறைத்தார். முனிரத்தினம் அதை ஆமோதித்துச் சத்தியம் செய்த அன்று, குழாய் அரை மைல் உருண்டு, எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டு, மறுபடி உருண்டது.

இப்படியாக வருஷங்கள் போயின. பொய்யின் அளவுக்குத் தூரம் என்பது எல்லோருக்கும் பழகிவிட்டது. வாய்தா முடிந்து திரும்புகிற பெருந்தேவி, மேய்ச்சலுக்குப் போன எருமையைத் தேடுகிறவள் போல பஸ் ஜன்னலிலிருந்து குழாயைத் தேடுவாள். கண்டதும் இறங்கி, இடுப்பில் கைவைத்து நின்று, முனிரத்தினத்தின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிவிட்டு அடுத்த பஸ் பிடிப்பாள். கிரஷரில் கூட வேலை செய்கிறவர்கள், குழாய் எங்கே போகிறது பார்த்தாயா என்று வியந்தால் எரிந்து விழுவாள். “யார் வூட்டுக்குப் போவுதுன்னு கல்லுக்கே தெரியுது. கோர்ட்டுக்கு மட்டும் சாட்சி வேணுமாம்” என்பாள். ஸ்ரீபெரும்புதூரில் நிலத்துக்கு வேலி போட்டார்கள், கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கின, ஷிப்டு, ஓ.டி. என்று பொடியன்கள் வேறு பாஷை பேசினார்கள். ரோடு போட வந்தவர்கள் குழாயைச் சுற்றி வளைத்துத் தார் ஊற்றினார்கள். அது நகர்ந்த பிறகும் அந்த வளைவு அப்படியே இருந்தது. கோடையில் உள்ளே ஆடுகள் படுத்துக்கொண்டன. உருளும் முன் அது இரண்டு தரம் குலுங்கும், ஆடுகள் எழுந்து வெளியே வந்துவிடும்.

முனிரத்தினம் சும்மா இருக்கவில்லை. லாரிகளை விற்றார். குழாய்க்குக் குறுக்கே பள்ளம் வெட்டினார். அது நிரவிக்கொண்டு வந்தது. ஹோமம் வளர்த்தார், சாமி குத்தத்துக்குப் பயந்தவருக்குச் சாமி ஒரு வார்த்தை சிபாரிசு செய்யவில்லை. மறைமலை நகரில் இருந்த மகள் வீட்டுக்குக் குடிபோய்ப் பார்த்தார். குழாய் திரும்பி அந்தத் திசையைப் பார்த்து நின்றது. சம்பந்தி வீட்டார் அதைக் கேள்விப்பட்டு, மரியாதையாகத்தான், பெட்டியை எடுத்து வாசலில் வைத்தார்கள். அவர் திரும்பி வந்தார், குழாயும் திரும்பியது. கயிறு மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது. அந்த விஜயதசமிக்கு அதை எடுக்க யாருக்கும் கை வரவில்லை, பிறகு எடுக்கவே இல்லை. வருஷா வருஷம் அவர் மனைவி செங்கமலம் அதற்குப் புதுச் சந்தனம் இடுவாள். அவிழ்த்துக் கொண்டுவந்து வைத்தது யார், எடுக்க வேண்டாம் என்று சொன்னது யார் என்று அவள் கணவனிடம் பேசியதே இல்லை. இரண்டையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள்.

எட்டாம் வருஷம் முனிரத்தினத்தைக் குறுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டபோது, குழாய் காம்பவுண்டுச் சுவரை இடித்து உள்ளே வந்து, வாசற்படிக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தது. அன்று காலையில் செங்கமலம் குளித்து, பூஜையிலிருந்த கயிற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வாசற்படியில் குழாய்க்கு நேராக உட்கார்ந்துவிட்டாள். அவர் எழுந்திருக்கச் சொன்னார், கெஞ்சினார், கையைப் பிடித்து இழுத்தார். “நீங்க போய்ட்டு வாங்க. அங்க நீங்க இன்னா சொல்றீங்கன்னு எனக்கு இங்கயே தெரிஞ்சுடும்” என்றாள். ஊரே அதைப் பார்த்தது. காஞ்சிபுரத்துக்கு முதல் பஸ் ஏறியவர்கள் வழியெல்லாம் சொன்னதில், முனிரத்தினம் கூண்டில் ஏறுவதற்குள் பெருந்தேவியின் காதுக்கும் வந்துவிட்டது.

அவள் முன் பெஞ்சில் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்தாள். ஜெபகுமார் எழுந்து, அறுந்த கயிற்றின் துண்டு ஏதாவது கோர்ட்டில் தாக்கலாகியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை. அப்படியானால் கயிறு அன்றைக்கு எங்கே இருந்தது என்று கேட்டார். முனிரத்தினம் ஜன்னல் வழியாக வாலாஜாபாத் பஸ் நிற்கிற பக்கம் பார்த்தார். அந்த நேரத்தில் பெருந்தேவிக்கு ஒரு ஆசை வந்தது. சொல்லு, பொய் சொல்லு என்று மனசுக்குள் அவரை அதட்டினாள். ஒரே ஒரு பொய் போதும். ரோட்டில் பொரி பொறுக்கினவளுக்கு எப்படி இருந்தது என்று உனக்கும் தெரியட்டும். செங்கமலத்தை அவள் பார்த்ததுகூட இல்லை. அவள்மேல் கோபமும் இல்லை. ஆனாலும் அந்த ஆசை வந்தது, பொங்கிக்கொண்டு வந்தது. எட்டு வருஷத்தில் அவள் தன்னைக் கண்டே பயந்தது அந்த ஒரு தடவைதான்.

“பூஜைல இருந்துச்சு” என்றார் முனிரத்தினம். “கட்டியிருந்தத அவுக்கச் சொன்னவன் நான். சுப்பன் கேட்டான், நான்தான் எடுக்கக் கூடாதுன்னேன். செத்தவன்மேல தப்பு இல்ல.” சொல்லிவிட்டு, யார் அனுமதியும் கேட்காமல் கூண்டிலிருந்து இறங்கி, செருப்பை விட்டுவிட்டு வாலாஜாபாத் பஸ்ஸுக்கு ஓடினார்.

குழாய் உருளவில்லை. நின்ற இடத்தில் கால் வட்டம் திரும்பி, ஒரு வாயை வாசற்படிக்கும் மறு வாயைத் தெருவுக்கும் நேராக வைத்துக்கொண்டு அடங்கியது. செங்கமலம் அதற்குள் தலையை நீட்டிப் பார்த்தாள். மறுமுனையில் தெருவும், கூட்டமும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெறுங்காலோடு வந்த கணவனும் தெரிந்தார்கள்.

சில மாதத்தில் தீர்ப்பு வந்தது. லோடு கட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுத்தது டிரைவரின் குற்றம். கட்ட விடாதது முதலாளியின் குற்றம். லாரியில் ஏற்றிய சரக்கு லாரியின் பகுதியே, எனவே இன்சூரன்ஸ் கம்பெனி நழுவ முடியாது. இறந்தவர்மீது எந்தத் தவறும் இல்லை. கடைசி வரியைப் பெருந்தேவி ஜெபகுமாரை மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தார். இன்னொரு தரம் என்றாள். அவர் அலுத்துக்கொள்ளாமல் படித்தார்.

குழாயை எடுக்க அதற்கப்புறமும் கிரேன் வந்தது, சங்கிலி அறுந்தது. சுற்றிப் போக இரண்டு பக்கமும் சுவரை இடித்து வழி வைத்தார்கள். அந்த வழியில் காலெடுத்து வைத்தால் குழாய் குலுங்கியது, அதனால் விட்டுவிட்டார்கள். இப்போது அந்த வீட்டுக்குக் குழாய் வழியாகத்தான் போகவேண்டும். பால்காரர் போகிறார், தபால்காரர் போகிறார், சம்பந்தி வீட்டாரும் பட்டுப்புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். குனியாமல் போக முடியாது. அந்தப் பக்கத்து லாரிக்காரர்கள் இப்போதெல்லாம் ஆயுத பூஜைக்குக் கயிற்றை அவிழ்ப்பதில்லை. லோடைக் கட்டி, முடிச்சின்மேலேயே சந்தனம் வைக்கிறார்கள்.

வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று பெருந்தேவி பஸ்ஸேறி வாலாஜாபாத் வருகிறாள். முனிரத்தினத்தின் வீட்டுக்கு எதிர்க்கடை நிழலில் நின்று, அவர் குழாய்க்குள் மடிந்து வெளியே வருவதையும், மறுபடி மடிந்து உள்ளே போவதையும் பார்க்கிறாள். அவரும் அவளைப் பார்ப்பார். இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை, பேசப் போவதுமில்லை. கொண்டுவந்த பொரியை நின்றபடியே தின்று முடித்துவிட்டு, ஒரகடம் பஸ் வந்தால் ஏறிப் போகிறாள்.