ஐந்தாவது ஏன்

திங்கட்கிழமை கார் கம்பெனிக்கு வேலைக்குப் போனபோது லைனில் எங்கள் இடத்தில், தரையில், மஞ்சள் பெயிண்டில் பாதங்கள் வரைந்திருந்தார்கள். ஒரே ஒரு ஜோடி. அங்கே நின்று வேலை செய்வதோ இரண்டு பேர், நானும் என் நாத்தனாரும். இனி ஒருத்திக்குத்தான் இங்கே இடம் என்று புரிந்தது.

காருக்குள் சீட் பெல்ட் மாட்டுவது எங்கள் வேலை. கீழ் போல்ட், மேல் போல்ட் என்று இருவரும் மாறி மாறிப் போட வேண்டும். ஆனால் என் வலது தோள்பட்டை கெட்டு வெகுகாலம் ஆகிறது, கை மேலே எழும்பாது. அதனால் மேல் போல்ட் எல்லாம் அவள் தலையில். "எங்க அண்ணன்கிட்டகூட மூச்சு விடமாட்டேன் அண்ணி" என்று சொல்லியிருந்தாள். அதுபோலவே யாரிடமும் சொல்லவில்லை.

புதிதாக வந்த லீடருக்கு நாங்கள் வைத்த பெயர் சிரிப்பு சார். எதுவும் வீணாக இருக்கக்கூடாது என்பதே அவர் பேச்சு. முதலில் ராக்கில் கூடுதலாக இருந்த போல்ட்டுகளை எடுத்தார். பிறகு நாங்கள் சற்று உட்காரும் ஸ்டூல் போயிற்று. இப்போது ஆள்.

"யாரையும் வீட்டுக்கு அனுப்பமாட்டோம்மா. ஆனா, செய்ய முடியாதவங்களுக்கு இங்க என்ன வேலை, நீங்களே சொல்லுங்க?" என்று சிரித்தார். கையில் ஸ்டாப்வாட்ச். நாங்கள் ஒவ்வொருத்தியும் தனியாக இரண்டு போல்ட்டையும் போட்டுக் காட்ட வேண்டுமாம்.

மெதுவாகச் செய்கிறவள்தான் காலி என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நாத்தனார் காதோரம் வந்து, "நான் வேணா கொஞ்சம் மெதுவா செய்யட்டா அண்ணி?" என்றாள்.

"போடி! உன் பிச்சை எனக்கு வேண்டாம்."

மடச்சி நான்! என் வாய்தான் எனக்குச் சத்துரு. வலி மாத்திரையை விழுங்கி, பல்லைக் கடித்து, இடது கையால் வலது முழங்கைக்கு முட்டுக்கொடுத்து எப்படியோ போட்டு முடித்தேன். அவள் ஜடை பின்னுவதுபோல் சாதாரணமாகச் செய்துவிட்டுப் போனாள்.

சிரிப்பு சார் எடுத்தது அவளைத்தான்.

"நல்லா செய்றவங்களத்தான் லைன்ல இருந்து எடுப்போம். மத்த இடத்தையெல்லாம் திருத்த அவங்கதான் வேணும். இனிமே இங்க இவங்க போட்ட நேரம்தான் கணக்கு" என்றார்.

அவளுடைய நேரம், என்னுடைய கை. நாலு நாள் ஓட்டினேன். வெள்ளிக்கிழமை மேல் போல்ட்டில் கை பாதியில் நின்றுவிட்டது. போல்ட் லொடலொடவென்று ஆட, கார் நகர்ந்துகொண்டிருந்தது. தலைக்கு மேல் ஒரு கயிறு உண்டு, இழுத்தால் லைன் நிற்கும். நின்றால் வந்து ஐந்து தடவை 'ஏன்' கேட்பார்கள், வேரைப் பிடுங்காமல் விடமாட்டார்கள். இழுக்காமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த பெல்ட்டை நம்பி யார் பெற்ற பிள்ளை உட்காருமோ! இடது கையால் இழுத்தேன்.

லைன் நின்றது. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு சார் வந்தார், பக்கத்தில் புதுத் தொப்பியோடு நாத்தனார். கேட்பது இப்போது அவள் வேலை.

"ஏன் லைன் நின்னுச்சு?"

"மேல் போல்ட் இறுகல."

"ஏன் இறுகல?"

"போல்ட் முறுக்குற கன் நேரா உட்காரல."

"ஏன் உட்காரல?"

"கை நடுங்கிச்சு."

"ஏன் நடுங்கிச்சு?" குரல் இறங்கிவிட்டது.

"அவசரம். நேரம் பத்தல" என்றேன்.

அது பொய் என்று அவளுக்குத் தெரியும். இதோடு நிறுத்திக்கொள்வாள், வீட்டுப் பெண்ணாயிற்றே என்று நம்பினேன். சிரிப்பு சார் அவள் பக்கம் திரும்பினார்.

"நேரம் பத்தலையாமே! அது நீங்க போட்ட நேரம்தானேம்மா?"

அவள் முகம் வெளிறிவிட்டது. என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

"உங்க வலது தோள் ஏன் எழும்பல, அண்ணி?"

"யாருக்குடி எழும்பல?" என்று கத்திக்கொண்டே கையைத் தூக்கினேன். அது மார்புவரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.