ஹென்றியின் பெட்டியும் சத்தம் போடாத கேமராவும்

புது கேமராவைக் கையில் வாங்கியதும் பிராங்கிளினுக்கு வந்த முதல் சந்தேகம், உள்ளே சாமான் இருக்கிறதா என்பதுதான். பன்னிரண்டு வருஷமாக அவன் கழுத்தில் தொங்கிய பழைய கேமரா நல்ல கனம். மாலையில் கழற்றி வைத்தால் தலை தானாக மேலே எழும். இதுவோ காலித் தீப்பெட்டி மாதிரி இருந்தது. பழையதற்குள் ஒரு கண்ணாடி உண்டு. பொத்தானை அழுத்தினால் அது எகிறி விழுந்து 'டக்' என்று ஒரு சத்தம் போடும். புதியதில் அந்தக் கண்ணாடியே கிடையாது என்று கடைக்காரன் பெருமையாகச் சொன்னான். சாமானைக் குறைத்து விலையை ஏற்றி, அதையும் பெருமையாகச் சொல்லத் தெரிந்தவன் எந்தச் சந்தையிலும் பிழைத்துக்கொள்வான் என்று பிராங்கிளின் மனசுக்குள் அவனுக்கு ஒரு கும்பிடு போட்டான். போட்ட கையோடு பழைய கேமராவையும் மாற்றாகக் கொடுத்துவிட்டு வந்தான்.

கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் அவன் ஸ்டூடியோ. அங்கே கம்ப்யூட்டரில் ஆல்பம் போடுகிற தாஹிராதான் புதுக் கேமராவுக்குத் தேதி, நேரம் எல்லாம் வைத்துக் கொடுத்தாள்.

"கோயிலுக்குள்ள டக்கு டக்குன்னு இன்னா சத்தம்னு ஃபாதர் போன மாசம் திட்டினாருல்ல அண்ணே? இனிமே திட்ட மாட்டாரு" என்று இன்னும் எதையோ திருகி வைத்தாள். பிராங்கிளின் அப்போது வாசலில் நின்று டீ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் சொன்னதில் ஃபாதர் மட்டும்தான் காதில் விழுந்தார்.

புதன்கிழமை கேமராவுக்கு முதல் வேலை வந்தது. சாவு வேலை.

போனவர் ஹென்றி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்தாறு வயசு. நாலு மணிக்குக் கோயிலில் பூசை, அப்புறம் காசிமேட்டுக் கல்லறை. பிராங்கிளின் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றேகால். சந்து முழுக்க நாற்காலி. பேண்ட் செட்காரர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு பன் தின்றுகொண்டிருந்தார்கள்.

ஹென்றியின் மனைவி சிலுவையம்மாள் அவனைச் சமையலறைப் பக்கம் இழுத்துப் போனாள்.

"பிராங்கிளினு, எனக்கு ஒரே ஒரு படம் போதும். பெரியவனும் சின்னவனும் அவங்க அப்பாவுக்கு ரெண்டு பக்கமும் நிக்கணும். ஒரே படத்துல."

"அதுக்கு இன்னாம்மா, எடுத்துடலாம்."

"எடுத்துடலாம்னா? ஒம்போது வருசமா எவன் எடுத்தான்? எங்க அம்பதாவது கல்யாண நாளுக்குக்கூட ஒருத்தன் காலைல வந்தான், ஒருத்தன் சாயங்காலம் வந்தான். நீதானே ரெண்டு தபா வந்து எடுத்த?"

"அன்னிக்கே சொன்னேனேம்மா, கம்ப்யூட்டர்ல ரெண்டையும் சேத்துடலாம்னு."

"ஒட்டுப்போட்டது எனக்கு வேணாம்டா. இன்னிக்கி பெட்டிய மூடிட்டா, அப்பால இவனுங்கள ஒண்ணா நிக்க வெக்க நான்தான் சாவணும். அப்ப அந்தப் படத்த யாரு பாக்குறது?"

 பிராங்கிளின் தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

பெரியவன் ஸ்டானிஸ்லாஸ், ரயில்வே, விம்கோ நகரில் வீடு. சின்னவன் ஃப்ரெடி, மாதவரத்தில் லாரி புக்கிங். இருவருக்கும் இடையில் சொத்து, நகை, பாகம் எதுவும் இல்லை. இருந்தது பிரியாணி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஸ்டானிஸ்லாஸ் மகள் ஜெனி கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்கியதற்குப் புதுநன்மை விருந்து. மூன்றாம் பந்தியில் ஃப்ரெடியின் மாமியார் வீட்டார் உட்கார்ந்தபோது அண்டா காலி. இலையில் விழுந்தது தக்காளி சாதம். 'வேணும்னே பண்ணான்' என்று ஃப்ரெடி எழுந்தவன்தான். சொத்துச் சண்டையென்றால் கோர்ட்டில் முடியும். பந்திச் சண்டைக்கு எந்த ஊரில் கோர்ட் இருக்கிறது?

அந்தச் சந்தில் சாவு வீட்டுப் படத்துக்கு ஒரு முறை உண்டு. பெட்டியின் தலைமாட்டில் ஸ்டூல் கொடுத்து, முகம் தெரிகிற மாதிரி சாய்த்து வைப்பார்கள். பிள்ளைகள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கேமரா 'டக்' என்கிற வரைக்கும் யாரும் கையை எடுக்கக் கூடாது. அந்தச் சத்தம்தான் உத்தரவு. அது கேட்டதும் கையை எடுப்பார்கள், மூடி வரும், ஆணி இறங்கும். அதற்கு முன்னால் எந்தப் பிள்ளை கையை எடுக்கிறானோ, 'அப்பனை முதல்ல விட்டவன்' என்று அவன் பேரன் கல்யாணம் வரைக்கும் பேச்சு ஓடும்.

ஸ்டானிஸ்லாஸ் வலது பக்கம் வந்து விளிம்பைப் பிடித்தான். ஃப்ரெடி இடது பக்கம் பிடித்தான். பெரியவன் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தான். சின்னவன் ஃபேனைப் பார்த்தான். தலைமாட்டில் சிலுவையம்மாள். மூடியைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் ஓரத்தில் தயார்.

பிராங்கிளின் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறினான். அந்த வீட்டில் காற்று நுழைய வழியில்லை. நெற்றி வேர்வை புது சாமானில் இறங்கக் கூடாதென்று, கண் வைத்துப் பார்க்கிற இடத்துக்கு மேலே கர்சீப்பை மடித்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தான். கண்ணை வைத்தான்.

உள்ளே குட்டி டிவி ஓடியது. இருட்டு வீடு அதற்குள் பளிச்சென்று இருந்தது. கண்ணை எடுத்தால் இருட்டு, வைத்தால் வெளிச்சம். ஹென்றி உயிரோடு இருந்தபோது இருந்ததைவிட இரண்டு பங்கு சிவப்பாகத் தெரிந்தார். எது நிஜ வீடு, எதற்குக் காசு கொடுத்தோம் என்று அவனுக்குப் புரியவில்லை. போதாதற்கு ஒரு வெள்ளைக் கட்டம் முகம் முகமாகத் தாவி, ஆளுடைய கண்ணைத் தேடித் தேடி உட்கார்ந்தது. பெரியவன் கண்ணில் உட்கார்ந்தது. சின்னவன் கண்ணுக்குப் போனது. அங்கிருந்து ஹென்றியின் மூடிய இமைக்குப் போய், பச்சையாக மாறி, அங்கேயே தங்கிவிட்டது.

உயிருள்ள கண்ணைத்தான் பிடிக்கும் என்றல்லவா கடைக்காரன் சொன்னான்? பிராங்கிளின் கேமராவை இறக்கி ஹென்றியை ஒரு முறை பார்த்தான். திரும்ப ஏற்றினான். பச்சை. திரும்ப இறக்கிப் பார்த்தான்.

"இன்னாடா, அவர இன்னா அப்டிப் பாக்குற?" என்றாள் சிலுவையம்மாள்.

"ஒண்ணுமில்லமா. லைட்டு."

பொத்தானை அழுத்தினான்.

ஒன்றும் நடக்கவில்லை. டக் இல்லை. எகிறல் இல்லை. பழைய கேமராவில் அழுத்தினால் ஒரு நொடி கண்ணுக்குள் இருட்டு வந்து போகும். அதுவும் இல்லை. டிவி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினான். அழுத்தியபடியே வைத்திருந்தான். எதுவும் இல்லை.

எடுத்ததா எடுக்கவில்லையா என்று பின்பக்கத் திரையில் பார்க்கலாம் என்று கேமராவைத் திருப்பினான். திரை கறுப்பு. தட்டினான், கறுப்பு. கண்ணை ஓட்டையில் வைத்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது, வெளியே பார்த்தால் செத்துக் கிடக்கிறது. பாட்டரியைக் கழற்றி மாட்டினான். மறுபடி கண்ணை வைத்தான். மறுபடி பச்சைக் கட்டம். மறுபடி அழுத்தினான்.

இதற்குள் நாலைந்து நிமிஷம் ஓடிவிட்டது. யாரும் அசையவில்லை. அசைய முடியாது. மூடி தூக்கினவர்களின் கை நடுங்க ஆரம்பித்தது. வாசலில், ஃபாதருக்கு உதவியாக வந்திருந்த கோயில் உபதேசியார் வாட்சைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தபடி இருந்த ஃப்ரெடி, ஃபேனிடமே கேட்டான்:

"எடுத்துட்டானா, இல்லியா?"

மாதாவைப் பார்த்தபடி இருந்த ஸ்டானிஸ்லாஸ் மாதாவிடம் சொன்னான்:

"அவன் மூஞ்சியப் பாத்தா எடுத்த மாதிரியா கீது?"

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.  ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் ஒரு கேள்வியும் ஒரு பதிலும்.

பிராங்கிளினுக்கு இது எதுவும் காதில் ஏறவில்லை. அவன் பொத்தானை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தான்.

"டேய் பிராங்கிளினு, கேமராவா அது, சோப்பு டப்பாவா?" என்றான் ஃப்ரெடி.

"புதுசுண்ணே. பழகலண்ணே. ஒரு நிமிசம்."

"எங்கப்பன வெச்சிதான் பழகணுமா நீ?" என்றான் ஸ்டானிஸ்லாஸ். "கால் மரத்துப் போச்சு நைனா எனக்கு."

"உனக்கு நிக்க வெச்சிதானே பழக்கம்" என்றான் ஃப்ரெடி. இந்தத் தடவை ஃபேனைப் பார்த்து இல்லை. "என் மாமியா வூட்ட பந்தியில முக்கா மணி நேரம் நிக்க வெச்சவன்தானே நீ. நீயும் கொஞ்சம் நில்லு."

"இப்ப எதுக்குடா அது?"

"வேற எப்ப பேசறது? வெளிய போனா நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மொத ரெண்டு பந்திக்கு லெக் பீஸு, எங்களுக்குத் தக்காளி சாதம். அம்மாம் பெரிய அண்டா எப்டி தீந்துச்சி?"

"தீந்தது எனக்கே தெரியாதுடா! பேஜாரா பூட்ச்சி அன்னிக்கி. நானும் கடைசில தக்காளி சாதம்தான் துன்னேன்."

"பொய் சொல்லாத. அப்பா மேல கை வெச்சிகினு பொய் சொல்லாத."

ஸ்டானிஸ்லாஸ் தன் கையைப் பார்த்தான். விளிம்பைப் பிடித்திருந்த கை அங்கிருந்து நகர்ந்து அப்பாவின் கோட்டு மேல் போய் உட்கார்ந்தது.

"அப்பா மேல கை வெச்சிதான் சொல்றேன். தக்காளி சாதம். அப்பளம்கூட இல்ல."

ஃப்ரெடி வாயைத் திறந்தான்.  அண்ணன் கையையும் அப்பா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அதை அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"நீ எங்க நின்ன? பைக்க உதைச்சிகினு பூட்ட."

"அப்பாவும் சொல்லலியே?"

"அவரு மொத பந்திடா. லெக் பீஸு துன்ட்டு தூங்கிட்டாரு."

மூடியைப் பிடித்திருந்தவர்களில் ஒருவன் தன்னையறியாமல் சிரித்துவிட்டு, இருமுவது போல் மாற்றினான். உபதேசியார் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்: "ஃபாதர் ரெடியா கீறாருப்பா. ஜல்தி!"

எல்லார் முகமும் பிராங்கிளின் பக்கம் திரும்பியது.  படம் ஒன்றும் விழவில்லை, விழாது. ஆனால் இவர்கள் டக் கேட்காமல் நகர மாட்டார்கள், ஃபாதரும் காத்திருக்க மாட்டார். ஒரு முடிவுக்கு வந்தான். கேமராவை முகத்தோடு ஒட்டி, பொத்தானையும் அழுத்திக்கொண்டு, நாக்கை அண்ணத்தில் ஒட்டி, இழுத்து விட்டான்.

"ட்டொக்."

வீடு மூச்சுவிட்டது. கைகள் பெட்டியை விட்டன. மூடி வந்தது. ஆணி இறங்கிய ஒவ்வொரு அடியும் பிராங்கிளின் மண்டையில் இறங்கியது. சிலுவையம்மாள் போகிற போக்கில் அவன் தோளைத் தொட்டு, "வந்துச்சாடா?" என்றாள்.

"வந்துச்சிமா" என்றான்.

கல்லறை வரைக்கும் போகவில்லை. கடன்காரனைப் பார்த்த மாதிரி குறுக்குச் சந்தில் புகுந்து ஸ்டூடியோவுக்கு வந்தான். கேமராவை மேஜை மேல் வைத்தான்.

"தாஹிரா, கெட்ட சாமான் தலையில கட்டிட்டான். சத்தமும் இல்ல, பின்னாடி டிவியும் இல்ல. அந்தம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

தாஹிரா கேமராவைத் திருப்பிப் பார்த்தாள். முதலில் ரப்பர் பேண்டைக் கழற்றினாள். கர்சீப்பை எடுத்ததும் பின்பக்கத் திரை பளிச்சென்று வந்தது.

"கண் வெக்கிற இடத்துல ஒரு சென்ஸார் கீதுண்ணே. கர்சீப்பு அத மூடிகினு இருந்துச்சி. நீங்க எந்நேரமும் கண் வெச்சிகினே கீறீங்கன்னு நெனச்சி, இது பின்னாடி டிவிய அணைச்சிட்டுது."

"சரி, சத்தம்?"

"சத்தம் போடாதன்னு நான்தானே வெச்சேன்? சொன்னேனே."

"எப்ப சொன்ன?"

"டீ சொல்லிகினு இருந்தீங்களே."

கார்டைக் கம்ப்யூட்டரில் சொருகினாள். சரசரவென்று கட்டங்கள் நிரம்பின. அவள் கீழே உருட்ட உருட்ட, ஹென்றியின் இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள்.

"அறுநூத்தி நாப்பத்தெட்டு" என்றாள் தாஹிரா. "இன்னாண்ணே, சினிமாவா எடுத்தீங்க? அழுத்திப் புடிச்சா இது வுடாம எடுத்துகினே இருக்கும்."

பிராங்கிளின் ஸ்டூலில் உட்கார்ந்தான். சந்தோஷப்படுவதா, கேமராவைத் தூக்கிப் போட்டு உடைப்பதா என்று தெரியவில்லை. முதல் முந்நூறில் பெரியவன் மாதாவைப் பார்க்கிறான், சின்னவன் ஃபேனைப் பார்க்கிறான். ஒரே வீட்டில் நிற்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கப்புறம் எல்லாம் வாய். திறந்த வாய், கோணல் வாய், பாதிச் சொல்லில் நின்ற வாய். நாக்கால் டக் சொன்ன கடைசிப் படத்தில் எல்லாரும் கேமராவை முறைக்கிறார்கள்.

எட்டாம் நாள் சிலுவையம்மாள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். தனியாக வரவில்லை. இரண்டு பிள்ளைகளும் கூட வந்தார்கள், ஆளுக்கொரு பைக்கில். ஃப்ரெடி கதவோரம் நின்றான். ஸ்டானிஸ்லாஸ் இன்னொரு கதவோரம். இன்னும் கொஞ்சம் முறைப்பு பாக்கி இருந்தது. ஆனால் டீ வந்தபோது ஒரே தட்டிலிருந்து எடுத்தார்கள்.

முதலில் வந்த ஒழுங்கான படம் ஒன்றைத் தாஹிரா காட்டினாள். "இதான் நல்லா கீது" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

சிலுவையம்மாள் தலையை ஆட்டினாள். "தள்ளு. இன்னும் தள்ளு." ஐந்நூற்றுப் பன்னிரண்டாவது படத்தில் விரலை வைத்தாள். ஸ்டானிஸ்லாஸின் கை அப்பாவின் நெஞ்சில். ஃப்ரெடி வாயைத் திறந்தபடி அண்ணனையே பார்க்கிறான். நடுவில் ஹென்றி, எதிலும் சம்பந்தமில்லாதவராய், முதல் பந்தியில் சாப்பிட்டவரின் முகத்தோடு.

"இதப் பெருசா போடு. காலண்டர் மாட்டுற எடத்துல மாட்டணும்."

"அம்மா, கலீஜா கீதும்மா" என்றான் ஃப்ரெடி. "வர்றவன் போறவன்லாம் சிரிப்பான்."

பிராங்கிளின் தன் பங்குக்கு நுழைந்தான். "வாய மட்டும் மூடிடலாம்மா. தாஹிரா கம்ப்யூட்டர்ல மூடிடுவா, தெரியவே தெரியாது."

"யாரு வாயையும் யாரும் மூட வேணாம்" என்றாள் சிலுவையம்மாள். "ஒம்போது வருசம் மூடிகினு இருந்தது பத்தலியா?"

பிள்ளைகள் வண்டியை எடுக்கப் போனார்கள். அவள் படியிறங்கும்போது நின்று, பிராங்கிளினைத் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கி டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சில்ல? மொதல்ல பல்லின்னு நெனச்சேன். அப்பால பாத்தா உன் தாடை அசையுது."

பிராங்கிளின் தாடையைத் தடவிக்கொண்டான். "தெரிஞ்சுதான் இருந்தீங்களாம்மா?"

"மூடி தூக்குனவன் கை நடுங்குது, ஃபாதரு காத்துகினு கீறாரு. நீ வுட்டது நல்லதுக்குதான்" என்றவள், செருப்பை மாட்டிக்கொண்டாள். "அடுத்த சாவுக்கு வரும்போது சத்தத்த அதுலயே வெச்சிகினு வா. உன் வாய் சத்தம் சரியில்ல."