பான்யினின் பவுடர் டப்பா

செவ்வாய்க்கிழமை மௌரீ மீனவக் கிராமத்தில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அன்று கடலுக்கு ஓய்வு. அதனால்தான் மார்பகப் பரிசோதனை வண்டியும் செவ்வாயன்று வந்து, கரையேற்றிய படகுகளுக்குப் பக்கத்தில் நின்றது.

வரிசையில் நின்ற பெண்கள் விசேஷத்துக்குப் புறப்பட்டவர்கள் போல இருந்தார்கள். நல்ல துணி. கழுத்திலும் நெஞ்சிலும் வெள்ளை வெளேரென்று பவுடர். மீன் வாடையோடு போய் நர்ஸ் முன்னால் சட்டையைக் கழற்ற முடியுமா?

"காக்ரா அக்கா, உள்ள மாப்பிள்ளையா உக்காந்திருக்கான்?" என்றாள் பின்னால் நின்ற மான்சா.

"மெஷின்டி. அதுக்குப் பிடிச்சாச் சரி."

சிரித்துக்கொண்டே காக்ரா வண்டிக் கதவைப் பார்த்தாள். அவளும் பான்யினும் இரட்டைப் பிறவிகள். பான்யின் முன்னால் வந்தவள். நீச்சல், கல்யாணம், மீனுக்குப் புகைபோடும் அடுப்பு, எல்லாவற்றிலும் அவள் முன்னால், இவள் பின்னால். போன மழைக்காலத்தில் பான்யின் மார்பில் கட்டி வந்து செத்துப்போனாள். அடுத்தது தன் முறை என்று காக்ரா அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்தோறும் இருவரும் குளித்துவிட்டு ஒருத்திக்கொருத்தி பவுடர் போட்டுக்கொள்வார்கள். மீன் செதில் உரசிச் சொரசொரத்த கையால் பான்யின் இவள் கழுத்தில் தட்டுவாள். "இப்போ எது நீ, எது நான்னு அம்மாவுக்கே தெரியாது."

கடைசி வருடம் பான்யின் பவுடரை அள்ளி அள்ளிப் போட்டாள். "கிழவிக்கு வந்த ஆசையைப் பாரு" என்று காக்ரா கேலி செய்தாள். பான்யினும் சிரித்தாள். புண்ணின் வாடையை மறைக்கத்தான் என்பது பிறகு தெரிந்தது.

இன்று காலை காக்ரா பான்யின் விட்டுப்போன டப்பாவைக் கவிழ்த்துத் தட்டி, அடியில் ஒட்டியிருந்ததையும் பூசிக்கொண்டு வந்திருந்தாள்.

வண்டிக்குள் படம் எடுக்கும் செலாசி சின்னப் பெண். "பவுடரைத் துடைச்சிருங்கம்மா."

காக்ரா கழுத்தை மட்டும் துடைத்தாள். மார்புக்கு அடியில் இருந்ததைச் சொல்லவில்லை.

தட்டு இறங்கி அழுத்தியது. வலித்தது. திரையில் படம் வந்ததும் செலாசி கிட்டே குனிந்து பார்த்தாள். சாம்பல் நிறத்தில் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள்.

'வந்துட்டியா பான்யின்?' என்று நினைத்தாள் காக்ரா.

"அம்மா, நிஜத்தைச் சொல்லுங்க. கீழே இன்னும் பவுடர் இருக்கா?"

"எங்க அக்காவோடது."

"யாரோடதா இருந்தாலும் படத்துல நோய்ப் புள்ளி மாதிரியே தெரியும். துடைச்சிட்டு எடுத்தாத்தான் எது எதுன்னு சொல்ல முடியும்."

ஈரத் துணியை வாங்கி காக்ரா தானே துடைத்தாள். மெதுவாக. பழைய வாசனை ஒருமுறை எழுந்து அடங்கியது.

இரண்டாவது படத்தில் புள்ளிகள் இல்லை.

"டாக்டர் பார்த்துட்டு போன் பண்ணுவாங்க" என்றாள் செலாசி. "ஆனா அது பவுடர்தாம்மா."

காக்ரா படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு எழுந்து கத்தினாள். "பவுடர் போட்டவளெல்லாம் குழாய்க்கு நடங்கடி!"

"ஏன், மாப்பிள்ளைக்குப் பிடிக்கலையா?" என்றாள் மான்சா.

"உள்ளதை உள்ளபடி பார்க்கணுமாம்டி."

குழாயடியில் மான்சாவின் பிடரியை காக்ராவே தேய்த்துக் கழுவினாள்.

"மெதுவா அக்கா! கையா இது, மீன் செதிலா?"

காக்ரா நனைந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பான்யினின் கைதான். இன்னும் கொஞ்சம் தண்ணீர் பிடித்துக்கொண்டு மறுபடி தேய்த்தாள்.