துர்ஷுவும் பச்சைக்கறி உருண்டையும்

நான் முழுகாமல் இருக்கிற செய்தி சொந்த ஊரான உர்ஃபாவுக்கு எட்டிய மறுநாளே என் மாமியார் ஹாதூன் இஸ்தான்புல்லுக்குப் பஸ் ஏறிவிட்டார். வந்தவர் என் வயிற்றைப் பார்க்கவில்லை, பூனையைத்தான் முறைத்தார். மீன்கடை வாசலில் பொறுக்கித் தின்றுகொண்டிருந்து, எங்கள் சோபாவுக்கு மகாராணியாகிவிட்ட துர்ஷு, அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள்.

"பூனை வயித்துல ஒரு கிருமி இருக்காம்டி. புள்ளத்தாச்சிக்குத் தொத்துனா உள்ள இருக்கற சிசுவுக்கே ஆபத்தாம். இத வெளிய தொரத்து."

"தொரத்துனா நானும் அவ பின்னாலயே போயிடுவேன், அத்தை."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துர்ஷு இல்லாத வீட்டை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

கடைசியில் ஒரு சமரசம். துர்ஷுவைச் சோதிப்பது, கிருமி இருந்தால் அவள் வெளியே. மாடிவீட்டு மிருக டாக்டர் பெர்ரின் வந்து ரத்தம் எடுத்துப் போனார். மறுநாள் என் கணவன் ஓர்ஹுன் அவளுடைய மலத்தைத் தயிர் டப்பாவில் போட்டுப் படகில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனான். "வீட்ல தோச்ச தயிரா தம்பி?" என்று பக்கத்தில் இருந்த அம்மாள் ஆசையாகக் கேட்டாராம்.

முடிவு வருகிற அன்று மாமியார் தரையில் உட்கார்ந்து பச்சை ஆட்டுக்கறியையும் கோதுமை நொய்யையும் மிளகாயோடு சேர்த்து இரண்டு மணி நேரமாகப் பிசைந்துகொண்டிருந்தார். அடுப்பே பற்றவைக்காத பண்டம். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"வாயத் தொற. ரத்தம் ஊறும்."

"ஐயோ, மூடு வாய!" வாசலில் காகிதத்தோடு பெர்ரின். "துர்ஷுகிட்ட ஒண்ணுமே இல்ல. அந்தக் கிருமி அவள அண்டினதே கெடயாது. ஆனா பச்சக் கறியில இருக்கும்மா! அவ தின்னா மொத தடவையா அவளுக்குத் தொத்தும், அப்பறம் வீடு பூரா பரப்புவா. இவ தின்னா நேரா இவளுக்கே."

நான் துள்ளிக் குதித்தேன். மாமியாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்க உர்ஃபாவே தின்னுது, செத்தா போயிட்டோம்? என் கைப்பக்குவத்தப் பாரு!"

பதம் பார்க்க எங்கள் ஆட்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். உருண்டையை விட்டத்தைப் பார்த்து விட்டெறிந்தார். ஒட்டிக்கொண்டது, அதாவது பதம் சரி. தேநீர்த் தட்டோடு வந்த ஓர்ஹுனையும் சேர்த்து நாலு பேரும் அண்ணாந்து பார்த்தோம். துர்ஷுவும் பார்த்தாள்.

உருண்டை மெல்ல நழுவியது. துர்ஷு பின்னங்காலை மடக்கினாள்.

"பிடிங்க, தின்னுடுவா!" என்று அலறினேன். ஓர்ஹுன் தட்டோடு பாய்ந்து பெர்ரின் மேல் மோதினான். நான் சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் மூட்டுவலிக்கார மாமியார் கம்பளத்தில் குப்புற விழுந்து, பூனையின் மூக்குக்கு முன்னால் உருண்டையை அப்படியே கையில் ஏந்திவிட்டார்.

படுத்தவாக்கிலேயே துர்ஷுவின் வாயை உற்றுப் பார்த்தார்.

"நக்குனியாடி? காட்டு. இல்லியே? அம்மாடி, பொழச்சோம்." பிறகு மகனைப் பார்த்து ஒரு அதட்டல். "என்னடா மரமாட்டம் நிக்கற? கதவச் சாத்து! வெளிய கண்டதத் தின்னு கிருமியோட வரப்போறா. பேரப்புள்ள பொறக்கறவரைக்கும் துர்ஷு வெளிய கால வச்சா உன் கால ஒடப்பேன்."