இன்னும் பலமா ஊதுங்க

என் வீட்டுக்காரருக்கு எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. அந்தக் குணம்தான் எங்கள் குடியைக் கெடுத்தது. இருபத்திரண்டு வருஷம் கல் அறுக்கும் பட்டறையில் மிஷினை விட்டு நகராமல் நின்றார். தூசியெல்லாம் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நுரையீரல் இறுகிப்போச்சு, அதோடு மல்லுக்கட்டியே இதயமும் வீங்கிப்போச்சு என்றார் டாக்டர். முதலாளியோ, பீடி குடித்துக் கெடுத்துக்கொண்டான் என்று கையைக் கழுவிவிட்டார். இவர் பீடியைத் தொட்டதே கிடையாது.

நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டு நாலு வருஷம் ஆகிறது. இன்று ஆஸ்பத்திரியில் ஊதிக் காட்டும் பரிசோதனை. மூச்சு பாதிக்குக் கீழே இருந்தால்தான் வழக்கு நிற்கும், காலையிலிருந்து இன்ஹேலர் மருந்து இழுக்கவே கூடாது என்று வக்கீலம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

குழாயை வாயில் வைத்ததும் நர்ஸ், “ஊதுங்க ஐயா, இன்னும் பலமா, விடாதீங்க!” என்று கத்தினாள். வேலை என்று சொல்லிவிட்டார்களே! கழுத்து நரம்பு புடைக்க மூன்று தடவை ஊதினார்.

“பரவாயில்லையே, நூத்துக்கு ஐம்பத்தாறு வந்திருக்கு.”

இவர் முகத்தில் பெருமை. நேற்று நாலு படி ஏற முடியாமல் உட்கார்ந்த மனுஷன். அவர் சட்டைப்பையைத் துழாவினேன். இன்ஹேலர் கையில் தட்டுப்பட்டது.

“காலையில இழுத்தீங்களா?”

“ரெண்டே ரெண்டு தடவை. பஸ்ல இருமினா பக்கத்துல இருக்கறவங்க எந்திரிச்சுப் போயிடறாங்க. எனக்கு அசிங்கமா இருக்கு.”

வாயில் வந்தபடி திட்டினேன். பிறகு நானே போய் நர்ஸிடம் உண்மையைச் சொன்னேன்.

“அப்ப இது செல்லாதும்மா. வேற தேதிக்கு வாங்க.”

மூன்று மாதம் தள்ளிக் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்து, மூச்சு அடங்கும்வரை காத்திருந்து, என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

“அழாத. மூணு மாசத்துல இன்னும் மோசமாயிடுவேன். அப்புறம் மருந்து இழுத்தாக்கூட பாதிக்கு வராது. ஜெயிச்சிடலாம்.”

எனக்குச் சமாதானம் சொல்கிறாராம். நாலு வருஷத்தில் முதல் தடவையாக, அந்த வழக்கு தோற்றுப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.