நூறு பேரில் புவனேஸ்வரி

1

இது ஒட்டுக்கேட்ட கதை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காலில் ஆணி குத்தி, டிடி ஊசிக்காகத் திருவரங்குளம் பக்கத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். ஊசியைப் போட்டுவிட்டு, "கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்கக்கா, தலை சுத்துதான்னு பாப்போம்" என்றார் நர்ஸ் மணிமேகலை. திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் அவரும் ஒரு பெண்ணும் பேசியதைக் கேட்காமல் இருக்க வழியில்லை. (வழி இருந்தது. வெளியே மரத்தடியில் பெஞ்சு காலியாகக் கிடந்தது.)

பிறகு மனசு உறுத்தி, அந்தப் பெண்ணிடமே போய் எழுதட்டுமா என்று கேட்டேன். "பேரை மாத்திக்கங்க, விஷயத்தை மாத்தாதீங்க" என்றாள். எல்லாப் பெயரையும் மாற்றிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "செம்மண் புழுதியில் ஒரு பெண்ணின் கண்ணீர்த் துளி விழுந்தபோது…"

அடித்துவிட்டேன். அவள் அழவே இல்லை.

இரண்டாவது, நேராகச் சொல்வது. புவனேஸ்வரிக்கு இருபத்தாறு வயது. பத்து மாதத்துக்கு முன் இரண்டாவது பிரசவத்தில் பிரஷர் ஏறி, வலிப்பு வந்து, மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தவள். இப்போதே இன்னொரு கரு நின்றால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கணவன் சரவணக்குமார் குவைத்தில் டிரைவர். பிரசவத்துக்கு வந்துவிட்டுப் போனவன், இன்னும் ஒன்பது நாளில் நாற்பத்தைந்து நாள் லீவில் வருகிறான்.

இதுதான் கதை. மற்றதெல்லாம் என் ஜோடனை.

3

"மாத்திரை அட்டை வாங்கி வச்சிட்டேன் நர்சம்மா. அவுக பிளேன் ஏறுற அன்னைக்கு ஆரம்பிச்சிருவேன்."

இது புவனேஸ்வரி மட்டும் போட்ட திட்டம் இல்லை. வெளிநாட்டில் புருஷன் இருக்கும் அவள் தெருப் பெண்கள் பலருக்கும் இதுதான் வழக்கம். அவன் வந்தால் கருத்தடை மாத்திரை அட்டை பீரோவிலிருந்து வெளியே வரும், அவன் போனால் மிச்சத்தோடு உள்ளே போய்விடும்.

இந்த இடத்தில் மணிமேகலையைக் கோபப்பட வைத்தேன். 'படிச்ச புள்ள நீயே இப்படி…' [பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை.]

அவர் கேட்டது வேறு. "எம்புட்டு நாளா இப்படி, புவனா?"

"மொதப் புள்ளைக்கு அப்புறம். அதுல வந்ததுதான் ரெண்டாவது."

"அப்ப மாத்திரை மேல தப்பில்ல. ஒன் மேலயும் இல்ல, யாரும் சொல்லித் தரல. மாசத் தீட்டு வந்து அஞ்சு நாளுக்குள்ள ஆரம்பிக்கலைன்னா, ஏழு நாள் விடாம சாப்பிட்டதுக்கு அப்புறந்தான் அது காவல். அதோட, நீ இன்னும் பிரஷருக்குச் சாப்பிடுற. ஒனக்கு இந்த மாத்திரையே ஆகாது. அட்டையை இங்கிட்டு குடு."

4

"நூறு பேரு ஏறுன பஸ்ஸுன்னு வையி.* எல்லாம் ஒன் வயசுப் பொம்பளைங்க. ஒண்ணும் பண்ணாம இருந்தா ஒரு வருஷத்துல எண்பத்தஞ்சு பேருக்குக் கரு நிக்கும். கடைசி நேரத்துல அவுக பாத்துக்குவாகன்னு விட்டா இருவது பேருக்கு. ஆணுறைன்னா பதிமூணு. மாத்திரை, எல்லாரையும் போல மறந்து மறந்து தின்னா ஏழு. கர்ப்பப்பைக்குள்ள காப்பர் டி வச்சா, ஒரு ஆளுக்கும் கொறைவு."

காப்பர் டியின் தொல்லையையும் அவரே சொன்னார். "மொத ரெண்டு மூணு மாசம் ரெத்தம் கூடப் போகும், வயிறு வலிக்கும். ஒத்துக்கலைன்னா எடுத்துரலாம். அதையும் இப்பவே சொல்லிடுறேன்."

எத்தனையோ சுவரொட்டிகள் படித்திருக்கிறேன். 'பாதுகாப்பானது' என்று போட்டிருக்கும், எவ்வளவு என்று இருக்காது. இவர் எவ்வளவு என்று சொன்னார். அதைப் புரிந்துகொண்டு முடிவெடுக்க எதிரில் இருப்பவளால் முடியும் என்று நம்பிச் சொன்னார். கால் வலியையும் மீறி எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

* நூறு பேர் எப்படி ஏறுவார்கள் என்று கேட்பவர்கள் எங்கள் காலை எட்டேகால் டவுன் பஸ்ஸைப் பார்த்ததில்லை.

5

சரவணக்குமாரை வில்லனாக்க எனக்கு ஆசை. போனில் கத்துகிறவனாக ஒரு பக்கம் எழுதியும் வைத்தேன். ஆனால் புவனேஸ்வரி அங்கேயே அவனைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டபோது கேட்ட குரல் கத்தவில்லை.

"சிஸ்டர், அவ பட்டது போதும். நான் வந்து ஆபரேஷன் பண்ணிக்கிறேன்."

"நல்ல மனசு தம்பி. தாராளமா பண்ணிக்கங்க. ஆனா பண்ண அன்னைக்கே அது வேலை செய்யாது. மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்துப் பாக்கணும். ஒங்க லீவு நாப்பத்தஞ்சு நாள்."

"அப்ப என்ன சிஸ்டர் பண்றது?"

புவனேஸ்வரிதான் பதில் சொன்னாள். "காப்பர் டி வச்சுக்கலாம்னு இருக்கேங்க."

"ஒனக்கு எது நல்லதோ அதைப் பண்ணு புவனா."

அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துப் போட்டதில் எனக்கு வருத்தமே இல்லை.

6

போனை வைத்த பிறகு அவள் கேட்டாள். "அந்த ஒரு ஆளு நானா இருந்தா, நர்சம்மா?"

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) அவள்தான் அந்த ஒருத்தி. வாசகர் கண்ணீர் நிச்சயம்.

(ஆ) "ஒண்ணும் ஆகாது, சாமி இருக்கு" என்கிறார் நர்ஸ். புவனேஸ்வரி நிம்மதியாக வீட்டுக்குப் போகிறாள்.

(இ) நான் காதால் கேட்டது:

"இருக்கலாம் புவனா. இருக்கவே இருக்காதுன்னு பொய் சொல்ல மாட்டேன். நாள் தள்ளுனா மறுநாளே வா. அன்னைக்கே டெஸ்ட் பண்ணுவோம். பெரியாஸ்பத்திரிக்கு நானே ஒன்கூட வாரேன்."

"சரி, வையிங்க" என்றாள்.

இந்நேரம் சரவணக்குமார் வந்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பான். என்ன ஆயிற்று என்று நான் போன் செய்யவில்லை. எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு, அந்த ஒருத்தியைத்தான் தேடிப் போவோம். மீதிப் பேரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர்களுக்கு மாதாமாதம் தீட்டு வருகிறது, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரேஷன் கடையில் நிற்கிறார்கள். அவர்கள் அப்படி நிற்பதற்காகத்தான் மணிமேகலை அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்.

உங்களுக்கு (அ)தான் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், தடுக்க மாட்டேன். நான் புவனேஸ்வரியைக் கதை எழுத ஒன்றுமில்லாத பெண்களோடு ரேஷன் வரிசையில் விட்டுவிட்டு வருகிறேன்.