சர்வேயர் வீட்டு முதல் வண்டி

வைத்தீஸ்வரன் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். இருபத்தேழு வருஷமாக அதே வேலை. மும்பையில் எங்காவது ஒரு கார் முட்டிக்கொண்டால் கம்பெனி அவரைக் கூப்பிடும். அவர் போய்க் குனிந்து பார்ப்பார், படம் எடுப்பார், கராஜ்காரர் நீட்டுகிற எஸ்டிமேட்டில் பாதியை வெட்டிவிட்டு வருவார். அடிபட்ட காரைப் பார்த்த அளவுக்கு ஓடுகிற காரை அவர் பார்த்தது கிடையாது. ஆட்டோவில் ஏறினால் செம்பூர் ஸ்டேஷனிலிருந்து வீடு வந்து சேரும்வரை கண்ணை மூடிக்கொள்வார். ஏதோ ஜபம் பண்ணுகிறார் என்று கூட வருகிறவர்கள் மரியாதையாக ஒதுங்கி உட்காருவார்கள். ஜபமாவது ஒன்றாவது, பயம்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு கார் வாங்க வேண்டி வந்தது, ஒரே பெண் ஸ்ரீலேகாவுக்காக.

ஸ்ரீலேகாவுக்குப் பதினெட்டு முடிந்து ஆறு மாதம். லைசென்ஸ் கைக்கு வந்து மூன்று மாதம். பேலாப்பூர் பக்கம் ஒரு காலேஜில் ஆர்க்கிடெக்சர் முதல் வருஷம் படிக்கிறாள். அந்தப் படிப்பில் புத்தகத்தைவிட அட்டைதான் அதிகம். அட்டையும் குச்சியும் ஒட்டிக் கட்டடம் செய்து, கொண்டுபோய் ஜூரி என்கிற வாத்தியார் கூட்டத்தின் முன்னால் வைக்க வேண்டும். போன செமஸ்டரில் மூன்று வாரம் முழித்திருந்து ஒரு நூலகம் செய்தாள். மான்குர்துக்கும் வாஷிக்கும் நடுவில் லேடீஸ் கம்பார்ட்மெண்ட் கூட்டத்தில் அது அப்பளமாக நொறுங்கிவிட்டது. ஃபெயில். இந்தத் தடவையும் ஃபெயிலானால் வருஷமே போய்விடும். இப்போது ஒரு பள்ளிக்கூடம் செய்துகொண்டிருந்தாள். உச்சியில் மணிக்கூண்டு வேறு. டாக்ஸி டிரைவர்களோ மணிக்கூண்டைப் பார்த்ததும் ‘புக்கிங் கேன்சல்’ என்று கிளம்பிவிடுகிறார்கள்.

"செகண்ட் ஹாண்டா ஒண்ணு பாருங்கோ," என்றாள் மனைவி விசாலாக்ஷி. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு பாங்கில் வேலை பார்க்கிறவள். வீட்டு பட்ஜெட் அவள் கையில். "வெலையும் கம்மியா இருக்கணும், இன்சூரன்ஸும் கம்மியா வரணும். அதாவது உங்களுக்குத் தெரியுமோல்லியோ?"

தெரியாமல் என்ன! என்ஜின் ஆயிரம் சி.சி.க்குக் கீழே இருக்க வேண்டும், அப்போது தேர்ட் பார்ட்டி பிரீமியம் கம்மி. வண்டி பழசாக இருக்க வேண்டும், மதிப்பு குறைந்தால் பிரீமியமும் குறையும். இந்த இரண்டோடு நிறுத்தியிருக்கலாம். மூன்றாவதாக ஒன்று வைத்தார்: ஜென்மத்தில் ஒரு க்ளெய்ம்கூடப் போடாத வண்டியாக இருக்க வேண்டும்.

அங்கேதான் மாட்டிக்கொண்டார். செம்பூர், சயான், மாட்டுங்கா என்று எங்கே போனாலும் அவருக்குத் தெரிந்த வண்டியாகவே வந்து நின்றது. "இந்தக் கதவை நான்தான் மாத்தச் சொன்னேன்," என்பார். இன்னொன்றைப் பார்த்து, "இது தண்ணியிலே முழுகினது. சீட்டுக்கடியிலே மோந்து பாரு," என்பார். பழைய நோயாளிகளை பஜாரில் பார்க்கிற டாக்டர் மாதிரி ஆகிவிட்டது. பதினோரு வண்டி கழிந்தது. ஜூரிக்கு இரண்டே வாரம். ஸ்ரீலேகா சாப்பிடும்போது பேசுவதை நிறுத்திவிட்டாள். அது அவருக்குத் தாங்கவில்லை.

வேறு வழியில்லாமல் தாராவியில் ராஜபாண்டியின் கராஜுக்குப் போனார். போவதற்கே கூச்சமாக இருந்தது. பதினெட்டு வருஷமாக ராஜபாண்டி போட்ட ஒரு எஸ்டிமேட்டையாவது அவர் முழுசாக விட்டதில்லை.

"வாங்க சார். எவன் வண்டி அடிபட்டுட்டு?"

"யாரோடதும் இல்லே. எனக்கு ஒரு வண்டி வேணும்."

ராஜபாண்டி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். சிரிக்கக்கூடாது என்று பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

"அணுசக்தி நகர்ல ஜகந்நாதன்னு ஒரு சயின்டிஸ்ட் சார் இருக்காவ. ரிட்டயர் ஆயி பூனாவுக்கு மக வீட்டுக்குப் போறாவ. வேகன்-ஆர். ஒம்பது வருசம், ஒரே கை. பதினாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு."

"அதெப்படி?"

"டெய்லி ஸ்டாஃப் பஸ்ல போயிட்டு ஸ்டாஃப் பஸ்ல வந்தா வண்டி எங்க சார் ஓடும்? ஞாயித்துக்கிழம காய் வாங்கப் போவாவ. அவ்ளதான்."

"க்ளெய்ம்?"

"ஒண்ணு கெடையாது. ஏக்தம் சாஃப், சுத்தமான வண்டி."

வைத்தீஸ்வரன் நம்பவில்லை. மறுநாள் போய் இரண்டு மணி நேரம் அந்த வண்டியைச் சுற்றி மண்டிபோட்டு வந்தார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தம் வைத்திருப்பார். தகரத்தில் ஒட்டாமல் நழுவினால் உள்ளே சொட்டையைப் பட்டி போட்டு மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கே வைத்தாலும் காந்தம் ஒட்டியது. என்ஜின் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு சி.சி. பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினபோதுகூட அவர் அப்படி மலர்ந்ததில்லை. ஸ்ரீலேகா அந்த நேரத்தில் பின்சீட்டில் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, ஸ்கூல் நேரா நிக்கறது. மணிக்கூண்டு இடிக்கல்லே."

வண்டி பேசி முடிந்தது. ஆர்.சி.யும் பாலிசியும் வைத்தீஸ்வரன் பேருக்கு மாறின. அன்று சாப்பாட்டு மேஜையில் அவர் ஒரு பிரசங்கமே பண்ணினார்.

"க்ளெய்ம் இல்லாத போனஸ் வண்டிக்குக் கெடையாது, ஆளுக்கு. ஜகந்நாதனோட போனஸ் அவரோட பூனாவுக்குப் போயிடும். நாம பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கறோம். அஞ்சு வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டினா பாதி தள்ளுபடி. ஆறு மாசத்துக்கு நான் பக்கத்துல இல்லாம நீ சாவியைத் தொடப்படாது."

"நீங்க கண்ணை மூடிண்டுன்னா உக்காருவேள்," என்றாள் ஸ்ரீலேகா. "அதுக்கு எதுக்குப்பா நீங்க?"

விசாலாக்ஷி ரசத்தை ஊற்றுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். கிழித்த கோட்டைத் தாண்டுகிற பெண் இல்லை ஸ்ரீலேகா. ஆனால் ஆறு மாதம் என்றதும் முகம் விழுந்துவிட்டது. பக்கத்தில் பயந்துகொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் கை நடுங்காது?

ஜூரிக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் செம்பூரில் கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை. ராஜபாண்டி குளித்து, திருநீறு பூசி, எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு தானே வந்துவிட்டார். குருக்கள் மாலை போட்டு, சந்தனம் தடவி, நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு பழத்தை வைத்தார்.

"வண்டி யார் பேர்ல?"

"என் பேர்லதான்," என்றார் வைத்தீஸ்வரன்.

"அப்போ நீங்களே ஏறி நசுக்குங்கோ. ஒரு அடி முன்னாடி போனாப் போறும்."

வைத்தீஸ்வரனிடம் லைசென்ஸ் இருந்தது. தவறாமல் புதுப்பித்தும் வந்திருந்தார். ஆனால் டெஸ்ட் கொடுத்த நாளுக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை, அது ஆகிவிட்டது இருபத்தெட்டு வருஷம். இந்த விஷயம் வீட்டில் தெரியும், ராஜபாண்டிக்குத் தெரியாது. பதினெட்டு வருஷம் ராஜபாண்டிக்குக் கார் சாஸ்திரம் சொன்ன வாயால் ‘எனக்கு ஓட்டத் தெரியாது’ என்று எப்படிச் சொல்வது?

"அப்பா, நான் ஏத்தறேனே," என்றாள் ஸ்ரீலேகா மெதுவாக.

"ஒரு அடிதானே," என்று ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கிளட்சை விட்டார். பழம் நாலும் பச்சக்கென்று நசுங்கின. அதோடு நின்றிருந்தால் சுபம். பிரேக் என்று நினைத்து அவர் மிதித்தது பிரேக் இல்லை. வண்டி மாலையோடும் சந்தனத்தோடும் பாய்ந்து, செருப்பு வைக்கிற இரும்பு ஸ்டாண்டில் போய் முட்டி நின்றது. நல்லவேளை, அங்கே ஆள் யாரும் இல்லை. ஐம்பது ஜோடிச் செருப்பு மட்டும் திசைக்கொன்றாகப் பறந்தது.

வைத்தீஸ்வரன் கீழே இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் அடிபட்ட காரைப் பார்த்ததும் இருபத்தேழு வருஷத்துப் பழக்கம் தானாக வேலையை ஆரம்பித்துவிட்டது. குந்தி உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார்.

"முன் பம்பர் கிழிஞ்சிருக்கு. இடது ஹெட்லைட் போச்சு. போனட்ல சின்ன சொட்டை," என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கையில் எழுதினார். நிமிராமலே அடுத்த கேள்வியையும் கேட்டார்: "வண்டியை ஓட்டினது யாரு?"

"நீங்கதாம்பா," என்றாள் ஸ்ரீலேகா.

முதலில் சிரித்தது குருக்கள். பிறகு விசாலாக்ஷி. ராஜபாண்டி மட்டும் சிரிக்கவில்லை. பதினெட்டு வருஷம் காத்திருந்தவருக்கு அவசரம் என்ன? பக்கத்தில் வந்து குந்தினார்.

"எஸ்டிமேட் போடட்டுமா சார்? எவ்ளோ வெட்டுவிய?"

வைத்தீஸ்வரன் செருப்புகளுக்கு நடுவில் நின்ற தன் வண்டியையும், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்ற பெண்ணையும் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. நாளை காலை அவள் போக வேண்டும்.

"ஒரு பைசா வெட்டல்லே. க்ளெய்மும் போடல்லே, என் கைக்காசுதான். இன்னிக்குள்ள சரி பண்ண முடியுமா?"

"டென்ஷன் எடுக்காதிய சார். ராத்திரிக்குள்ள வாசல்ல நிக்கும்," என்றார் ராஜபாண்டி. அப்போதுதான் சிரித்தார்.

சொன்னபடி நின்றது. திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு ஸ்ரீலேகா பள்ளிக்கூடத்தைப் பின்சீட்டில் ஏற்றினாள். வைத்தீஸ்வரன் தான் போட்ட விதிப்படி முன்கதவைத் திறந்தார்.

"அங்கே வேண்டாம்பா. பின்னாடி உக்காந்து இதைப் பிடிச்சுக்கோங்கோ. மணிக்கூண்டு ராத்திரிதான் ஒட்டினேன், இன்னும் காயல்லே. ஆடினா விழுந்துடும். கண்ணை மூடிடாதீங்கோ."

மூட முடியுமா? இரண்டு கையாலும் மணிக்கூண்டை அணைத்துக்கொண்டு, இமைகூடக் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். கோவண்டி போனது தெரியாது, மான்குர்து போனது தெரியாது. வாஷி பாலத்தில் லாரி ஒன்று ஹாரன் அடித்ததைக்கூட ஸ்ரீலேகா சொல்லித்தான் கேட்டார். பெண் எவ்வளவு வேகத்தில் ஓட்டினாள், எங்கே பிரேக் போட்டாள், ஒன்றும் அவர் கவனிக்கவில்லை. கையிலிருந்த கூண்டு ஒரு நூல்கூட அசையவில்லை, அது மட்டும் தெரிந்தது.

காலேஜ் வாசலில் மாடலை இறக்கி வைத்ததும் பழக்கதோஷம், குந்தி உட்கார்ந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கூரை, மாடிப்படி, ஜன்னல், மணிக்கூண்டு. பேனாவைக்கூட எடுத்துவிட்டார். எழுத ஒன்றும் இல்லை.

"டேமேஜ் இல்லே," என்றார். பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

"சாயங்காலம் ஆறு மணி ஆகும்பா. அதுவரைக்கும் எங்கே இருப்பேள்?"

"நான் எதுக்கு இருக்கணும்? ஆபீஸ் போகாண்டாமா?"

"அப்போ பக்கத்துல யாரு உக்காருவா?"

"உன் ஸ்கூலை வச்சுக்கோ," என்று சாவியை அவள் கையில் கொடுத்தார். "மெதுவா வா. கெளம்பறச்சே ஒரு போன் பண்ணு. இல்லே, போனும் வேண்டாம். வந்துடு."

அவள் மாடலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறவரை நின்று பார்த்தார். பிறகு பேலாப்பூர் ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்தார். முதல் திருப்பம் வரைக்கும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.